வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள்

இலங்கை 2024-ல் 5 சதவீதம் வளர்ந்தது என்று செய்தி வந்ததிலிருந்து கோத்தகிரியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. "அவங்க பரவாயில்லப்பா, விழுந்த வேகத்துலயே எழுந்துட்டாங்க." டீக்கடையில் கேட்டாயிற்று, பஸ்ஸில் கேட்டாயிற்று, என் ஆபீசுக்கு ஜிஎஸ்டி கணக்கு கொடுக்க வருகிறவர்கள் வாயிலும் கேட்டாயிற்று. வேறு ஊரில் இப்படிப் பேசினால் அது உலக நடப்பு. இங்கே அது சொந்தக்காரர் வீட்டுச் செய்தி மாதிரி, ஏனென்றால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று எங்கே திரும்பினாலும் அங்கிருந்து வந்த குடும்பங்கள்தான். எங்கள் வீடும் அப்படித்தான். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அம்மா வீட்டார் இரண்டாகப் பிரிந்தார்கள். தாத்தா பாட்டியோடு அம்மா சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் மலையேறினார். அம்மாவின் பெரிய அண்ணன் வேறு பட்டியலில் இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மகன், எனக்கு மச்சான், அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார்.

"என்ன மச்சான், அஞ்சு பர்சென்டாமே" என்று வாட்ஸப்பில் கேட்டேன். "அது கொழும்புல வளந்திருக்கும் மச்சான். இங்க தேங்கா ஒன்னு எரநூறு ரூவா" என்று பதில் வந்தது.

மச்சான் கேலி ஒருபக்கம் இருக்கட்டும். 2022-ல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, 2023-ல் இன்னும் 2.3 சதவீதம் சுருங்கி, அப்புறம் 5 சதவீதம் ஏறினால் பள்ளத்திலிருந்து பாதி வழி வந்திருக்கிறார்கள் என்றுதான் கணக்கு. அதில் நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. எனக்குச் சுவாரசியமாக இருப்பது விழுந்தபிறகு அவர்கள் வரிசையாகப் போட்ட சட்டங்கள். நிர்வாகச் சீர்திருத்தம் என்று பெரிய பேராகச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்வி: மேலே உட்கார்ந்திருப்பவர் கோளாறாக ஒரு முடிவெடுத்தால், "வேண்டாம் சார்" என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது, சொன்ன ஆளுக்கு மறுநாளும் அந்த நாற்காலி இருக்குமா?

இலங்கை விழுந்த கதையே அந்த ஆள் இல்லாமல் போன கதைதான்.

முதலில் வரி. நான் சோறு தின்பதே இதில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச ஜனாதிபதியாகப் பதவியேற்றார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 1 முதல் வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. எல்லோரும் இதைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் விகிதத்தைக் குறைத்தது சின்னத் தப்பு. பெரிய தப்பு, வாட் பதிவு கட்டாயமாகும் வரம்பை ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்றுமுதலிலிருந்து 30 கோடிக்கு ஏற்றியது. 25 மடங்கு. நம் ஊரில் சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி வரம்பு 40 லட்சம், அதை ஒரே ராத்திரியில் 10 கோடி ஆக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோத்தகிரி மார்க்கெட்டில் ரிட்டர்ன் போட ஆளே மிஞ்சாது, நானும் கடையைச் சாத்திவிட்டு கேரட் போடப் போகலாம்.

வாட், ஜிஎஸ்டி மாதிரியான வரி ஓடுவது அதிகாரி ரெய்டுக்கு வருவார் என்ற பயத்தில் இல்லை. எனக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் எனக்குச் சரக்கு கொடுத்தவரிடம் ஒழுங்கான பில் வாங்கியாக வேண்டும். அவர் பில் போட்டால் அவர் விற்பனை கணக்கில் ஏறும், உடனே அவரும் அவருக்குக் கொடுத்தவரிடம் பில் கேட்பார். வாங்குகிறவன் விற்கிறவனைப் பிடித்துக்கொண்டிருக்கிற சங்கிலி இது. நடுவில் ஆயிரக்கணக்கான பேரை 'நீங்கள் பதிவு செய்ய வேண்டாம்' என்று எடுத்துவிட்டால், வரம்புக்கு மேலே இருக்கிற பெரிய ஆளும் பில் இல்லாமல் சரக்கு வாங்கலாம், விற்கலாம், பிடிக்க நூலே கிடையாது. அப்புறம் மனம் மாறி விகிதத்தை ஒரு அரசிதழில் திரும்ப ஏற்றிவிடலாம், 2024 ஜனவரியில் 18 சதவீதம் வரைக்கும் ஏற்றினார்கள். ஆனால் ஓடிப்போன ஆட்களை ஒவ்வொருவராகப் பதிவுக்குள் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். கூடவே சம்பளத்தில் பிடிக்கிற வரியையும் கழற்றிவிட்டார்கள். 2019-ல் உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருவாய், 2021-ல் 8-க்கும் கீழே போனது. உலகத்திலேயே மிகக் குறைவாக வரி வசூலிக்கும் நாடுகளில் ஒன்றாகிப் போனார்கள், கடன் மட்டும் குறையவில்லை.

இந்த வரிக் குறைப்புக்கு எந்தக் கமிட்டி, யார் கணக்குப் போட்டார்கள், எவ்வளவு இழப்பு வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? அப்படி ஒரு கட்டாயமே அங்கே இருக்கவில்லை. அடுத்த வருஷம், 2020 அக்டோபரில், அரசியலமைப்பின் 20-வது திருத்தம் வந்தது. முக்கியப் பதவிகளுக்கு ஆள் போடும்போது ஒப்புதல் தர வேண்டியிருந்த அரசியலமைப்புப் பேரவையை எடுத்துவிட்டு, கருத்து மட்டும் சொல்லலாம் என்கிற ஒரு சபையை வைத்தார்கள். ஜனாதிபதியிடம் முடியாது என்று சொல்ல வேண்டிய நாற்காலிகளில் ஜனாதிபதி விரும்புகிற ஆளே உட்காரலாம் என்று ஆனது. இந்தத் திருத்தத்தைத்தான் நான் நெருக்கடியின் முதல் நாள் என்று வைப்பேன். டாலர் தீர்ந்த நாள் அப்புறம் வந்தது.

அதற்கடுத்தது உரம். 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை ஒரு அரசிதழில் தடை செய்தார்கள், நாடு முழுக்க ஒரே அடியாக இயற்கை விவசாயம் என்று. நீலகிரியில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற எந்தப் படுகர் வீட்டுப் பெரியவரிடம் கேட்டிருந்தாலும் அஞ்சு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். தேயிலையில் நாம் எடுப்பது இலை. இலை விடுவதற்குத் தழைச்சத்து வேண்டும். யூரியாவை நிறுத்தினால் நெல்லுக்கு ஒரு போகத்தில் தெரியும், தேயிலைக்கு அடுத்தடுத்த கொய்தலிலேயே தெரிந்துவிடும், கொழுந்து மேலே வராமல் மொட்டு அடங்கி நிற்கும், இலை முரடாகும். இயற்கை முறைக்கு மாறுகிற தோட்டம் இங்கேயும் இருக்கிறது, நல்ல விலையும் வாங்குகிறார்கள், ஆனால் மூன்று நாலு வருஷம் மெதுவாக மாறுவார்கள், வாங்குகிறவனை முதலில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அங்கே 6 மாதத்தில், 2021 நவம்பரில், தடையை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் சேதம் ஆகிவிட்டது. 2021-ல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் 25 கோடி கிலோவுக்கு வந்தது. டாலர் இல்லாமல் நாடு தவித்த வருஷத்திலேயே டாலர் கொண்டுவரும் பயிர் படுத்துக்கொண்டது.

மச்சான் அப்போது சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர்கள் ஃபேக்டரியில் உருட்டு இயந்திரம் பாதி நாள் சும்மா நின்றது. மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது ஆளாளுக்கு எடை குறைய, கணக்குப்பிள்ளை அரைப் பேர் போட ஆரம்பித்தார். அங்கே தோட்டத்தில் நாளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு வரையறை இருக்கும், அது வரவில்லை என்றால் முழு நாள் வேலை செய்தாலும் பாதி நாள் சம்பளம், அதற்குத்தான் அரைப் பேர் என்று பெயர். கொழும்பில் ஒரு மேசையில் போட்ட கையெழுத்து அட்டனில் ஒரு பெண்ணின் கூடையில் போய் விழுந்து, அவள் பெயருக்கு நேரே பாதியாக நிற்கிறது. சரியில்லை என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மூன்றாவது டாலர் விலை. 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு டாலர் 200 ரூபாய் சுமார்தான் என்று மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியலில், அதாவது வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் பணம் மாற்றுகிற வழியில், அதற்கு மேலே கிடைத்தது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் வங்கிக்கு ஏன் போவார்? பணம் உண்டியல் வழியே வந்தது, டாலர் நாட்டுக்குள் வரவே இல்லை. அந்த நிலைமையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் கடன் பத்திரத்தைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்தார்கள், மருந்துக்கும் எரிபொருளுக்கும் காசு இல்லாதபோது. அப்போதே நிறைய பொருளாதார நிபுணர்கள் வேண்டாம், கடன்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று எழுதினார்கள். எழுதத்தான் முடிந்தது. ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ரூபாயை விட்ட பிறகு டாலர் 360-க்குப் போனது, செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது. இந்தியா அந்த வருஷம் கிட்டத்தட்ட 400 கோடி டாலருக்கு உதவி செய்தது, அது இல்லையென்றால் இன்னும் மோசமாகியிருக்கும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'ஊரான் வீட்டுக் கதைதான் உனக்கு' என்று கமெண்ட் வரும். 2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொல்ல இங்கேயும் ஒரு ஆள் டிவியில் வந்தார். அந்த வாரம் இலை ஏஜெண்டுகள் விவசாயிக்குக் கொடுக்க நூறு ரூபாய் நோட்டு இல்லாமல் அலைந்ததைப் பார்த்தவன் நான். நம் பொருளாதாரம் பெரிசு, தாங்கிக்கொண்டது. சின்ன நாட்டுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான், நமக்கு ஏதோ அறிவு கூட இருந்ததால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, விழுந்த பிறகு என்ன செய்தார்கள்? 2023 மார்ச்சில் ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், 4 வருஷத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. ஐஎம்எஃப்பிடம் இலங்கை போவது இது 17-வது தடவை. பழைய 16 தடவையும் வரியைக் கூட்டு, மானியத்தைக் குறை என்றுதான் போனது. இந்தத் தடவை புதிதாக ஒன்று நடந்தது: நாட்டின் ஆட்சி முறையையே ஆய்வு செய்து, ஊழல் எந்த ஓட்டை வழியாக நுழைகிறது என்று ஐஎம்எஃப் ஒரு அறிக்கை எழுதி 2023 செப்டம்பரில் வெளியிட்டது. ஆசியாவில் இப்படி ஒரு அறிக்கை வந்தது இலங்கைக்குத்தான் முதலில். 16 முக்கியப் பரிந்துரைகள். அதில் எனக்குப் பிடித்தவை ரொம்ப சாதாரணமானவை. நூறு கோடி ரூபாய்க்கு மேல் போகிற அரசு ஒப்பந்தங்களை யாருக்குக் கொடுத்தார்கள் என்று இணையத்தில் போடு. எந்தக் கம்பெனிக்கு வரி விலக்கு கொடுத்தாய், எவ்வளவு இழந்தாய், அதையும் போடு. பெரிய பதவியில் இருப்பவர்களின் சொத்துக் கணக்கைப் போடு. ஊழல் ஒழிப்பு என்றால் யாரையாவது கைவிலங்கோடு டிவியில் காட்டுவது என்று நாம் பழகிவிட்டோம். வரி விலக்குப் பட்டியலை வெளியே போட்டால் அதைவிட நாலு மடங்கு வேலை நடக்கும், ஏனென்றால் பக்கத்துக் கம்பெனிக்காரனே பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவான்.

சட்டங்களில் கனமானது 2023-ன் மத்திய வங்கிச் சட்டம். அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்பட்டால் மத்திய வங்கி நோட்டு அச்சடித்துக் கடன் கொடுப்பது இனி கிடையாது. நாமும் இந்த வழியில் வந்தவர்கள்தான், ரிசர்வ் வங்கியிடம் மத்திய அரசு நினைத்தபோது எடுத்துக்கொண்டிருந்த தற்காலிகப் பத்திர முறையை 1997 ஏப்ரலோடு நிறுத்தினோம், அதற்குமுன் 1991-ல் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்த பிறகுதான் புத்தி வந்தது. அப்புறம் 2024-ல் பொது நிதி மேலாண்மைச் சட்டம்: வட்டி தவிர்த்த அரசுச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரசியலமைப்புப் பேரவையையும் 21-வது திருத்தத்தில் 2022 அக்டோபரிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 2023-ல். எல்லாம் ஒரே திசை, ராஜாவின் பேனாவைக் கொஞ்சம் தள்ளி வைப்பது. நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. தனி அதிகாரம் கிடைத்த மத்திய வங்கி 2024 தொடக்கத்தில் முதல் வேலையாகத் தன் ஊழியர்களுக்கே 70 சதவீத அளவுக்குச் சம்பளம் ஏற்றிக்கொண்டது என்று நாடே கொதித்தது. அதிகாரிக்குச் சுதந்திரம் கொடுத்தால் அதையும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல.

2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பேசியது. ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்தவர்களும் மக்கள் தங்கள் மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், நெருக்கடிக்கு அவர்கள் பொறுப்பு என்று தீர்ப்பு. தண்டனை எதுவும் இல்லை, வழக்குச் செலவு மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அதை வைத்து நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளாதார முடிவு என்று சொல்லிவிட்டால் கோர்ட்டுக்குள் வராது என்று இருந்ததை உடைத்த தீர்ப்பு அது.

இவ்வளவும் நல்லதாகச் சொல்லிவிட்டு இனி என் புகாருக்கு வருகிறேன். 2023-ன் தொடக்கத்தில் மின்கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்று அரசும் ஐஎம்எஃப்பும் நின்றபோது, பொதுப் பயன்பாடுகள் ஆணையத்தின் தலைவர் இவ்வளவு ஏற்றுவதற்கு நியாயம் இல்லை என்று எதிர்த்தார். மே மாதம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தி அவரைத் தூக்கிவிட்டார்கள். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு விஷயம், எனக்கே அதில் சந்தேகம் உண்டு, மின்சார வாரியத்தின் நஷ்டத்தை யாராவது கட்டத்தான் வேண்டும். ஆனால் 'வேண்டாம்' சொல்லும் ஆட்களை வளர்க்கிறோம் என்று சட்டம் மேல் சட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த அதே வருஷத்தில், வாய் திறந்து சொன்ன ஒரு ஆளுக்கு நாற்காலி போனது. கடன் கொடுத்தவனுக்குப் பிடித்த 'வேண்டாம்' வேறு, பிடிக்காத 'வேண்டாம்' வேறு.

அதைவிட மனசு ஆறாத விஷயம் ஈபிஎஃப், அங்கே ஊழியர் சேமலாப நிதி என்பார்கள். வெளிநாட்டுக் கடனோடு உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்க வேண்டும் என்று வந்தபோது யார் தலையில் வைப்பது? வங்கிகளின் கையிலும் அரசுப் பத்திரங்கள் இருந்தன, ஊழியர் சேமலாப நிதியிலும் இருந்தன. வங்கி நிலைகுலைந்தால் ஊரே போகும் என்று வங்கிகளை விட்டுவிட்டார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. சேமலாப நிதிக்கு மட்டும் இரண்டு வழி வைத்தார்கள்: பழைய பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் குறைந்த வட்டிப் பத்திரம், 2025 வரை 12 சதவீதம் அப்புறம் 9 சதவீதம், வாங்கிக்கொள். மாட்டேன் என்றால் உன் வருமானத்துக்கு 14-க்குப் பதில் 30 சதவீத வரி. 2023 ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றத்தைக் கூட்டி ஒப்புதல் வாங்கினார்கள். ஆடை தைக்கிற பெண்கள், கடைச் சிப்பந்திகள், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள், இவர்களுடைய ஓய்வுக்காலப் பணம். ஏற்கனவே 2022-ல் விலைவாசி அந்தப் பேயாட்டம் ஆடியபோது இந்த நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம்தான். அந்த நிதியை நிர்வகிப்பது யார் தெரியுமா? அதே மத்திய வங்கி. உறுப்பினர் சார்பாக மாட்டோம் என்று சொல்ல வேண்டிய ஆளும், ஐஎம்எஃப் திட்டத்தை நடத்துகிற ஆளும் ஒரே வீட்டில் இருந்தால் அந்தச் சொல் எங்கிருந்து வரும்?

மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலை மலைப் பகுதித் தமிழர்களுக்கு, இது பழகிய கதை. 1948-ல் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் போட்டு, தோட்டத்து மக்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அவர்களைக் கேட்கவில்லை. 1964-ல் டெல்லியில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று தள்ளி வைத்து, 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதி பாதி. அப்போதும் கேட்கவில்லை. பாட்டி இதைச் சொல்லும்போது கோபப்படவே மாட்டார், "அவுக எழுதுனாக, நாங்க வந்தோம்" என்பார், எனக்குத்தான் எரியும்.

அந்த மக்கள் இன்றைக்கும் பெரும்பாலும் லயத்தில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில். வீடு அவர்கள் பெயரில் இல்லை, நிலம் இல்லை. 2021-ல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே வருஷக்கணக்கில் போராட்டம். 2024 மே தினத்தில் அப்போதைய ஜனாதிபதி 1,700 என்று அறிவித்தார், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, கடைசியில் 1,350. இப்போதைய அரசு 2026 பட்ஜெட்டில் 1,550 ஆக்கி, வேலைக்கு வந்தால் அதற்கு மேல் 200 ரூபாய் அரசே தரும் என்று 1,750-க்குக் கொண்டுவந்திருக்கிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் தனியார் கம்பெனி தர வேண்டிய கூலியில் ஒரு பங்கை வரிப்பணத்தில் கொடுப்பது சீர்திருத்தமா, அடுத்த தேர்தல் வரைக்கும் ஒரு சமாளிப்பா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது மலையகம் சரிந்து விழுந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். சரிவில் லயம் இருக்கிறது, அங்கிருந்து வேறு இடம் போக அதில் இருக்கிறவனுக்குச் சொந்த நிலம் இல்லை. 2024-ல் போட்ட பொருளாதார உருமாற்றச் சட்டத்தில் வளர்ச்சி இத்தனை சதவீதம், ஏற்றுமதி எந்த ஆண்டுக்குள் எவ்வளவு, வறுமை எவ்வளவுக்குக் கீழே என்று எல்லாவற்றுக்கும் இலக்கு எழுதியிருக்கிறார்கள். லயத்தில் இருக்கிறவர் எந்த ஆண்டில் காணி உறுதி, நம் ஊர்ப் பத்திரம், வாங்குவார் என்பதற்கு இலக்கு இல்லை.

சிரிக்காதீர்கள், நம் பக்கமும் அதே படம்தான். தமிழ்நாடு 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம், நாடு 2047-ல் வளர்ந்த நாடு. நல்லது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கியதுதான் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம். அது நஷ்டத்தில் போகிறது என்று 2022-ல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காட்டுக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் தொழிலாளிகள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். கூடலூரில் உரிமை இன்னும் முடிவாகாத செக்ஷன் 17 நிலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் அரை மணி நேரம் புலம்புவார்கள், ஜென்மம் என்கிற பழைய நில உரிமையை ஒழிக்க 1969-ல் சட்டம் போட்டும் இன்னும் பட்டா இல்லாத குடும்பங்கள் அத்தனை.

தேயிலை விவசாயி நிலைமை இன்னும் விசித்திரம். அவனுக்குப் பட்டா இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, மாட்டேன் என்று சொல்லத்தான் நேரம் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு இலை மூட்டை ரோட்டோரம் வரும். ஏஜெண்ட் தராசில் கொக்கியை மாட்டுவார், முள் நிற்பதற்குள் ஒரு எண் சொல்வார், மழைநாள் என்றால் ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை என்று கழிப்பார், ஒரு துண்டுச் சீட்டு. கிலோ என்ன விலை என்று அந்தச் சீட்டில் இருக்காது. அது அடுத்த மாதம், குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையை வைத்துத் தேயிலை வாரியம் சராசரி போட்ட பிறகு தெரியும். விலை பிடிக்கவில்லை என்று இலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, காலையில் கருத்துவிடும். பல மாதங்கள் 15 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் நடுவில்தான் கையில் வந்தது. 2023-ல் ஊர் ஊராக உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். வரி விலக்குப் பட்டியலை வெளியிடு என்று இலங்கைக்குச் சொன்ன மாதிரி, ஒவ்வொரு ஃபேக்டரியும் தூளை என்ன விலைக்கு விற்றது, இலைக்கு என்ன கொடுத்தது என்று மாதாமாதம் வாசலில் எழுதி ஒட்டச் சொன்னால் பாதிச் சண்டை தீரும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் இந்த எண்கள் எல்லாம் இருக்கின்றன, எனக்குத் தெரியும், நான் வெளியே சொல்ல முடியாது.

வேண்டாம் என்று சொல்வதற்கு விலையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே முதல் மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தது, 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கட்டியது. மாவட்டமே கடையடைப்பு செய்தது. லாட்ஜ் வைத்திருக்கிற நண்பன் ஒருத்தன் இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். நான் இ-பாஸ் பக்கம். 2009 நவம்பரில் இந்த மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் போனதை மறந்துவிட்டு இன்னும் எத்தனை வண்டியை ஏற்ற முடியும்? அதேசமயம், முடிவு சொன்னது கோர்ட்டாக இருக்கக் கூடாது, மாவட்டத்தில் அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும் என்று அவன் சொல்வதும் சரிதான். சொல்ல ஆளே இல்லாமல் போனதற்கு உதாரணம் வேண்டுமென்றால் ஊட்டி இந்து நகர் போய் வாருங்கள். அங்கே மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஃபேக்டரி 1990-களில் நலிந்த நிறுவனம் ஆகி, அதற்கப்புறம் ஏறத்தாழ 20 வருஷம் மூடவும் இல்லை, ஒழுங்காக ஓட்டவும் இல்லை, உலகமே டிஜிட்டலுக்குப் போன பிறகும்.

மச்சான் ரிட்டயர் ஆகப் போகிறார். அவருடைய ஈபிஎஃப் விவரத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, 2022-ன் விலைவாசியில் இந்தப் பணம் எவ்வளவு தேய்ந்தது, பத்திரத்தை மாற்றாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுக்கு அந்த நிதி எந்தெந்தப் பத்திரத்தை என்ன வட்டிக்கு வைத்திருந்தது என்று தெரிய வேண்டும். அந்த விவரத்தைக் கேட்டு எழுத அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-லிருந்தே இருக்கிறது. மனு எப்படி எழுதுவது என்று தமிழில் ஒரு பக்கம் அடித்து அனுப்பியிருக்கிறேன், தொழிற்சங்க ஆபீசில் இன்னும் சில பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பதாக நேற்று மெசேஜ் வந்தது.